வானம் பார்த்த ஆட்டம்

2019 மே 22. லூதியானா, குரு நானக் மைதானம். இந்தியப் பெண்கள் கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது சேது எஃப்.சி. பத்திரிகைகளில் அதை 'மதுரை அணி' என்றுதான் எழுதுவார்கள். எழுதிவிட்டுப் போகட்டும், வெளியூர்க்காரனுக்கு அடையாளம் சொல்ல மதுரை தோதான பேர். ஆனால் மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற நாற்கரச் சாலையில் அருப்புக்கோட்டைக்கு முன்னால், காரியாபட்டி பக்கம் புல்லூரில் இருக்கிற ஓர் எஞ்சினியரிங் கல்லூரிதான் அந்த அணியின் தாய்வீடு. மாவட்டம் விருதுநகர். ஓட்டுக் கணக்கில் திருச்சுழி தொகுதி. அதாவது எங்க ஊர்.

கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வருகிற, கண்ணுக்கெட்டின மட்டும் சீமைக்கருவேலம் நிற்கிற இந்தக் காட்டில் இந்தியாவின் சாம்பியன் அணி ஒன்று உருவானது என்பதே ஒரு செய்தி. நான் எழுத வந்தது அதற்கு அடுத்த செய்தியை. அந்த இறுதி ஆட்டம் முடிந்து எட்டு மாதத்தில், மணிப்பூர் போலீஸின் பாலா தேவி ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியில் ஒப்பந்தமானார். ஐரோப்பாவில் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்ந்த முதல் இந்தியப் பெண் அவர். அந்த வருஷம் சேதுவுக்குக் கோல் போட்டுக் கொடுத்த நேபாளத்தின் சபித்ரா பண்டாரி, பின்னால் இஸ்ரேலுக்குப் போனார், பிரான்சுக்குப் போனார், நியூசிலாந்து வரை போனார். சேதுவின் நடுக்களத்தில் ஆடிய கடலூர்க்காரர் இந்துமதி கதிரேசன் எங்கும் போகவில்லை. தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தார்.

ஒரே லீக்கில் ஆடியவர்கள். ஒருவர் கிளாஸ்கோ போகிறார், ஒருவர் பிரான்ஸ் போகிறார், ஒருவர் சென்னையில் காக்கி போடுகிறார். இதில் எது முன்னேற்றம், எது பிழைப்பு? 'வெளிநாட்டில் ஆடும் நம்ம பிள்ளை' என்று நாம் பெருமைப்படும்போது உண்மையில் எதைக் கொண்டாடுகிறோம்? ஊரை விட்டுப் போவதைப் பற்றி எங்க ஊருக்குக் கொஞ்சம் தெரியும். அதனால் அந்தப் பக்கமிருந்தே இதைப் பார்க்கலாம் என்று தோன்றியது.

*

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி. பழைய ராமநாதபுரம் ஜில்லாவின் வறண்ட பாகம் இது. 1985இல்தான் தனி மாவட்டமானது. குண்டாறு என்று ஓர் ஆறு உண்டு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதில் மணல்தான் ஓடும். கண்மாய் நம்பி ஒரு போகம், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழை பெய்தால். பருத்தி, கம்பு, சோளம், மல்லி, மிளகாய். மழை தப்பினால் தறி, தறி இல்லாதவனுக்கு கரிமூட்டம், அதுவும் இல்லாதவனுக்கு ரோடு. 'வானம் பார்த்த பூமி' என்று பாடப் புத்தகத்தில் அழகாகப் போட்டிருப்பார்கள். அதன் அர்த்தம் எளிமையானது: வருஷத்தில் மூணு மாசம்தான் வேலை, மிச்சம் ஒன்பது மாசத்துக்கு வேற வழி பாக்கணும்.

அந்த வேற வழி நெடுங்காலமாகக் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்பே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பஞ்சத்துக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆள் அனுப்பிய ஜில்லாக்களின் வரிசையில் ராமநாதபுரம் எப்போதும் உண்டு. அழைத்துப் போனவன் கங்காணி. பெரும்பாலும் சொந்த சாதிக்காரன், சில சமயம் சொந்தக்காரனே. பயணச் செலவுக்கு, வீட்டில் விட்டுப் போகிறவர்கள் கஞ்சிக்கு என்று முன்பணம் கொடுப்பான். அந்த முன்பணம் தோட்டத்துக் கணக்கில் கடனாக ஏறும்.

இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஓர் ஆள் மாற வேண்டுமானால், பழைய துரை ஒரு துண்டுக் காகிதம் எழுதித் தருவார். 'இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடச் சம்மதம்' என்பது அதன் சாரம். அந்தத் தொகை ஆட்களின் கடன். புதுத் தோட்டம் அதைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீர்ந்துவிடாது, பழைய துரையிடமிருந்து புதுத் துரைக்கு மாறும், அவ்வளவுதான். தோட்டம் மாற மாறக் கடன் கூடிக்கொண்டேதான் போனது. நல்ல ஆள், கெட்டிக்கார ஆள் என்றால் துண்டின் தொகையும் ஜாஸ்தி. ஆனால் ஆளுக்கு அதில் சல்லிக்காசு கிடையாது. 1921இல் இலங்கை அரசாங்கம் சட்டம் போட்டு இந்தத் துண்டு முறையை ஒழித்தது.

எங்க வீட்டிலும் சிலோன் போனவர்கள் உண்டு. எங்க அப்பத்தா அவர்களைப் பற்றிப் பேசும்போது இரண்டே விஷயம்தான் கேட்பார். "இங்கன மழை பேஞ்சிருந்தா அவன் போயிருப்பானா? போன எடத்துல அவன் சீட்டு அவன் கையில இருந்துச்சா, கங்காணி கையில இருந்துச்சா?" முதல் கேள்விக்கு 'போயிருக்க மாட்டான்' என்று பதில் வந்தால் அது பஞ்சம் பிழைக்கப் போனது. இரண்டாவதுக்கு 'கங்காணி கையில' என்று பதில் வந்தால் அது அடிமைப்பட்டது. இரண்டும் இல்லாமல், தானே விரும்பித் தன் சீட்டைத் தன் மடியில் கட்டிக்கொண்டு போனவனைத்தான் அவர் 'சம்பாதிக்கப் போனவன்' என்று சொல்வார்.

கால்பந்துக்காரர் வெளிநாடு போவதையும் இந்த இரண்டு கேள்வியால் அளந்து பார்க்கலாம். தோட்டத்தில் கொசுக்கடியிலும் காய்ச்சலிலும் செத்தவர்களையும், சம்பளம் வாங்கி ஆடுகிறவர்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, அது தெரியும். ஆனால் காகிதத்தின் கதை ஆச்சரியமாக ஒத்துப்போகிறது.

*

1990 ஜூன். பெல்ஜியத்தின் ஆர்.எஃப்.சி. லியேஜ் அணியில் ழான்-மார்க் போஸ்மான் என்ற நடுக்கள ஆட்டக்காரருக்கு ஒப்பந்தம் முடிகிறது. வயது இருபத்தைந்து. மாதம் 1,20,000 பெல்ஜிய பிராங்க் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு, புது ஒப்பந்தத்தில் 30,000 தருகிறோம் என்றது கிளப். நாலில் ஒரு பங்கு. அவர் மாட்டேன் என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்சில் இருந்த டன்கர்க் அணி அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. இங்கேதான் துண்டு வருகிறது. ஒப்பந்தம் முடிந்துபோன ஆட்டக்காரர் என்றாலும், புதுக் கிளப் பழைய கிளப்புக்கு மாற்றுத் தொகை கட்ட வேண்டும். பழைய கிளப்பின் சம்மதத்தோடு சங்கம் அனுப்புகிற சான்றிதழ் போய்ச் சேர்ந்தால்தான் அவர் அங்கே களத்தில் இறங்க முடியும். டன்கர்க் பணம் கட்டுமா என்று லியேஜுக்குச் சந்தேகம். சான்றிதழை அனுப்பச் சொல்லவில்லை. போஸ்மான் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

வேலை முடிந்துவிட்டது, கூலி கிடையாது, ஆனாலும் ஆள் நம்ம ஆள்தான். எங்க அப்பத்தாவுக்கு இதை விளக்கிச் சொல்லியிருந்தால் சட்டென்று புரிந்திருக்கும்.

இது பெல்ஜியத்தின் விசித்திரம் இல்லை. கால்பந்து தொழிலான நாளிலிருந்தே இதுதான் நடைமுறை. இங்கிலாந்தில் ஆட்டக்காரரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை கிளப்புகளுக்குப் பல தலைமுறையாக இருந்தது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹம் வழக்குப் போட்டு, 1963இல்தான் அதில் ஓர் ஓட்டை விழுந்தது. போஸ்மான் ஐந்து வருஷம் கோர்ட்டு கோர்ட்டாக அலைந்தார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எந்தத் தொகையும் இல்லாமல் இன்னொரு நாட்டுக்குப் போகலாம். ஒன்றிய நாடுகளின் ஆட்டக்காரர்களை 'வெளிநாட்டுக்காரர்' என்று எண்ணிக்கை போட்டு நிறுத்துவதும் செல்லாது.

இன்றைக்கு ஒப்பந்தம் முடிந்து சும்மா வெளியே வருகிற நட்சத்திரங்கள் கோடி கோடியாகக் கையெழுத்துப் பணம் வாங்குவது இந்த மனிதரால். அவருக்குக் கிடைத்ததோ வேறு. வழக்கு முடியும்போது ஆடும் வயது போய்விட்டது. குடி, மனச்சோர்வு, கடன். பின்னாளில் ஒரு வழக்கில் சிறைத் தண்டனை வரைக்கும் போனது. வரலாற்றில் பேர் இருக்கிறது. பேர் சோறு போடவில்லை.

*

நம் பக்கம் வெளிநாடு போனவர்களின் வரிசை சின்னது. 1936இல் கல்கத்தாவின் முகமது சலீம் கிளாஸ்கோ செல்டிக் அணிக்காகக் காலில் கட்டுத்துணி சுற்றி வெறுங்காலோடு இரண்டு ஆட்டம் ஆடினார். ஊர் ஞாபகம் வந்து திரும்பிவிட்டார். 1999இல் பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி அணிக்குப் போனார். தமிழர்களில் என்று பார்த்தால், கடல் தாண்டிப் போனவர்களின் சந்ததியில்தான் தேட வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி 1980களின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் பாசல் அணிக்கு ஆடினார், பின்னால் சிங்கப்பூர் தேசிய அணிக்கே பயிற்சியாளரானார். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன், இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி அணியில் நடுக்களத்தில் ஆடுகிறார். இவருக்கு வெளிநாடு என்பதே வேறு கணக்கு. போனது அவர் இல்லை, அவருடைய பெற்றோர்.

ஆண்கள் கதை அப்படியிருக்க, கடந்த சில வருஷங்களில் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு அதிகம் போனவர்கள் பெண்கள். 2020இல் பாலா தேவி. 2022இல் மட்டும் மணீஷா கல்யாண் சைப்ரஸின் அப்போலன் அணிக்கு, ஜோதி சௌஹானும் சௌம்யா குகுலோத்தும் குரோஷியாவின் டைனமோ சாக்ரெப் அணிக்கு. இந்தப் பக்கம் ஆசியாவில் டாங்மெய் கிரேஸ் உஸ்பெகிஸ்தானின் நசாஃப் அணிக்கு. ஆண்களுக்கு இங்கே பணக்கார லீக் உண்டு, டி.வி. உண்டு. பெண்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு வசதி இல்லை. அப்படியிருந்தும் பெண்கள்தான் போனார்கள். சரியாகச் சொன்னால், அப்படி இருந்ததால்தான் போனார்கள்.

இங்கேதான் மழைக் கணக்குப் போட வேண்டும்.

இந்தியப் பெண்கள் லீக் தொடங்கியது 2017இல். ஆறு அணிகள் டெல்லியில் கூடி, ஜனவரி 28 முதல் பிப்ரவரி 14 வரை ஆடிவிட்டுக் கலைந்தார்கள். பதினெட்டு நாள். அடுத்தது ஷில்லாங்கில், ஏழு அணிகள். சேது அங்கேதான் முதலில் தலையைக் காட்டியது. மூன்றாவது சீசன் லூதியானாவில். பன்னிரண்டு அணிகள், இரண்டு பிரிவு. மே 5 முதல் 22 வரை, அதுவும் பதினெட்டு நாள்தான். பஞ்சாபில் மே மாச வெயில் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோப்பை வாங்கிய சேது பிரிவில் ஐந்து, அரையிறுதி, இறுதி என்று மொத்தம் ஏழு ஆட்டம் ஆடியது. ஓர் ஆட்டம் தொண்ணூறு நிமிஷம். ஏழுக்கு அறுநூற்று முப்பது. இந்தியாவின் சிறந்த அணியில் ஒரு நிமிஷம்கூட விடாமல் ஆடிய ஒரு பெண்ணுக்கு அந்த வருஷத்து தேசிய லீக் பத்தரை மணி நேரம். பிரிவோடு தோற்றுப்போன அணிக்காரருக்கு ஏழரை மணி நேரம்.

இங்கிலாந்துப் பெண்கள் லீக்கில் 2025–26 சீசன் வரை பன்னிரண்டு அணிகள் ஒன்றோடொன்று இரண்டு முறை மோதின. இருபத்திரண்டு ஆட்டம். கோப்பை ஆட்டங்கள் தனி. முழு வருஷத் தொழில்.

மாநில ஆட்டம், தேசியச் சாம்பியன்ஷிப், போலீஸ் விளையாட்டு என்று இங்கே வேறு ஆட்டங்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. 2018 பிப்ரவரியில் கட்டக்கில் மணிப்பூரை 2–1 என்று வீழ்த்தித் தமிழ்நாட்டுப் பெண்கள் முதல் முறையாக தேசியச் சாம்பியன் ஆனார்கள். 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2–1 என்று ஜெயித்து மறுபடியும் வாங்கினார்கள். ஆட்டம் இருந்தது, திறமை இருந்தது. வருஷம் முழுக்கச் சம்பளத்தோடு நடக்கிற தொழில்தான் இல்லை. மே மாசம் மூணு வாரம் மழை, பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். மானாவாரி விவசாயிக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

*

சபித்ரா பண்டாரி நேபாளத்தின் லம்ஜுங் மலை மாவட்டத்துக்காரர். ஊரில் ஆயுதப் போலீஸ் படையின் அணியில் ஆடினார். அதுதான் அங்கே பெண் ஆட்டக்காரருக்கு மாசச் சம்பளம் தரும் வழி. மாலத்தீவில் போலீஸ் கிளப்புக்கு ஆடப் போனார். அங்கிருந்து பிறகு சேதுவுக்கு. அவர் நடுக்கள ஆட்டக்காரர் இல்லை, கோல் போடுகிறவர். ஆனால் இந்தக் கட்டுரைக்கு அவர் ஒரு காரணத்துக்காக முக்கியம். நாம் இங்கிருந்து யார் வெளிநாடு போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருக்கு வெளிநாடு என்பது காரியாபட்டியாக இருந்தது. மலேயாவுக்கும் சிலோனுக்கும் ஆளை அனுப்பியே பழகிப்போன மண்ணுக்கு, வேறொரு நாட்டிலிருந்து ஓர் ஆள் கூலிக்கு வந்து சேர்ந்தது புது அனுபவம்.

சேதுவில் கோப்பை. அடுத்த சீசனில் கோகுலம் கேரளாவுக்குப் போய் அங்கேயும் கோப்பை. நடுவில் முழங்கால் காயம், நீண்ட ஓய்வு. அதற்குப் பிறகு இஸ்ரேலின் ஹப்போயல் ரனானா, பிரான்சின் கன்கம், நியூசிலாந்தின் வெலிங்டன் ஃபீனிக்ஸ். பதினெட்டு நாள் லீக்கில் பார்த்த காலை, இருபத்திரண்டு ஆட்ட லீக்குக்குக் கூப்பிட்டார்கள். இந்தப் பாதையில் எங்க காடு ஒரு படிக்கட்டு. ஏறிப் போவதற்கான படி, உட்காருவதற்கானது இல்லை.

மணீஷா கல்யாண் பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்து முக்கோவால் கிராமத்தில் 2001இல் பிறந்தவர். நடுக்களத்தின் ஓரத்திலும் முன்களத்திலும் ஆடுவார். 2021 நவம்பர் 25 அன்று பிரேசிலின் மனாஸ் நகரில் இந்தியா பிரேசிலிடம் 1–6 என்று தோற்றது. அந்த ஒன்று இவர் போட்டது. அன்றைக்குத்தான் பிரேசிலின் பெரிய நடுக்கள ஆட்டக்காரர் ஃபோர்மிகா தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். பாதித் தூரம் தன் பகுதியிலிருந்தே பந்தோடு ஓடி உலகத்தின் முன்னால் போட்ட அந்த ஒரு கோல், மணீஷாவுக்கு விண்ணப்பக் கடிதம் மாதிரி ஆனது.

அடுத்த வருஷம் நடந்ததுதான் சீட்டுக் கதை. 2022 ஆகஸ்ட் 15 அன்று, இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா சங்கத்தையே இடைநீக்கம் செய்தது. மணீஷாவின் பழைய அணியான கோகுலம் கேரளாவின் பெண்கள், ஆசிய கிளப் போட்டிக்காக அப்போதுதான் உஸ்பெகிஸ்தான் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தாஷ்கண்ட் ஓட்டலில் காத்துக் கிடந்து, ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள். அதே வாரம், ஆகஸ்ட் 18 அன்று, சைப்ரஸில் அப்போலன் அணி லாட்வியாவின் ரீகா அணியோடு ஆடியபோது அறுபதாவது நிமிஷத்தில் மணீஷா களத்துக்குள் போனார். பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கில் கால்வைத்த முதல் இந்தியர்.

மூன்று நாள் இடைவெளியில் இரண்டு காட்சி. திறமையில் பெரிய வித்தியாசம் இல்லை, கோகுலத்தார் நாட்டின் சாம்பியன்கள். வித்தியாசம் சீட்டு எங்கே பதிவாகியிருந்தது என்பதில். இங்கே பதிவான சீட்டு, இங்கே நாற்காலிக்குச் சண்டை போட்டவர்களோடு சேர்ந்து முடங்கியது. தடை ஆகஸ்ட் 26இல் நீங்கியது. அதற்குள் போட்டி போய்விட்டது. மணீஷா பிறகு கிரீஸின் பாவோக் அணிக்கும், 2025இல் பெருவின் அலியான்சா லிமாவுக்கும் போனார்.

இனி, எங்கும் போகாதவர். இந்துமதி கதிரேசனை நான் தோற்றவராக எழுதப்போவதில்லை. நடுக்களத்தில் நின்று பந்தை வாங்கி, திரும்பி, சரியான நேரத்தில் விடுகிற ஆட்டம் அவருடையது. இந்திய அணியில் பல வருஷம் ஆடினார். 2020இல் ஊரடங்கு வந்தபோது, சென்னையில் முகக்கவசத்தோடு ரோட்டில் நின்று வண்டிகளை நிறுத்திக் கேள்வி கேட்கிற சப்-இன்ஸ்பெக்டராக அவரைப் பத்திரிகைகளில் பார்த்தோம். லீக் நிற்கலாம், மைதானம் பூட்டலாம், சம்பளம் மட்டும் மாசா மாசம் வரும். இந்தியப் பெண் கால்பந்தை இத்தனை வருஷம் தாங்கிப் பிடித்தவை கிளப்புகள் இல்லை. போலீஸ், ரயில்வே, எல்லைக் காவல் படைகள். கண்மாய்ப் பாசனம் இல்லாத ஊரில் கிணறு வெட்டிக்கொண்ட மாதிரி.

அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டுகிற ஒருவர், மகள் ஸ்கூல் டீமில் ஆடுகிறாள், என்னிடம் ஒரு நாள் கேட்டார்: "ஏண்ணே, பந்து வெளாண்டா போலீஸ்ல எடுப்பாங்களாமே, நெசமா?" கோப்பை பற்றிக் கேட்கவில்லை, ஐரோப்பா பற்றிக் கேட்கவில்லை. அதை அறியாமை என்று நினைக்கிறவர்கள் இந்த ஊரில் மூணு வருஷம் மழை இல்லாமல் இருந்து பார்க்க வேண்டும்.

*

அவர் அப்படிக் கேட்டதற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. பத்தாவது முடித்த பெண்பிள்ளைக்கு இந்தப் பக்கம் நெடுநாள் இருந்த வழி நூற்பாலை. விடிகாலையில் மில் வேன் வரும். தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஓர் ஏற்பாடு நடந்தது. மூணு வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. உடம்பு முடியாமல் நடுவில் வந்துவிட்டால் அந்தத் தொகை பெரும்பாலும் கைக்கு வராது. கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, அதையே பரிசு மாதிரிக் காட்டுகிற ஏற்பாடு. 1921இல் இலங்கையில் ஒழிந்த துண்டு, பேர் மாற்றிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்த மாதிரிதான் எனக்குப் படுகிறது. சீட்டு ஆள் கையில் இல்லை.

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி விடிகாலையில் எழுந்து வேன் ஏறாமல் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகலாம் என்பதை இந்தக் காட்டில் கண்ணுக்குத் தெரிகிற சாத்தியமாக ஆக்கியது சேதுவின் பெரிய காரியம். 2019 கோப்பையின்போது பயிற்சியாளராக இருந்தவரும் ஒரு பெண், அம்ருதா அரவிந்த். 2021–22 சீசனில் அணி இரண்டாமிடம் வந்தது. அப்போது பயிற்சியாளர் கிறிஸ்பின் செத்ரி. அவர்தான் பின்னால் இந்திய அணியின் பொறுப்புக்குப் போனார்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அணியின் வீடு இங்கே என்றாலும், கோப்பை வாங்கிய அணியின் முக்கியக் கால்கள் கடலூரிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவை. நரிக்குடியிலிருந்தோ திருச்சுழியிலிருந்தோ ஒரு பேர் அந்த வரிசையில் ஏறிவிட்டது என்று என்னால் சந்தோஷமாகச் சொல்ல முடியவில்லை. கடலூரில் பல வருஷமாகச் சிறு வயதிலிருந்தே பயிற்சி நடக்கிறது, மணிப்பூரில் தெருவுக்குத் தெரு கிளப். நடுக்கள ஆட்டக்காரர் திடீரென்று முளைப்பதில்லை. முன்களத்தாருக்கு வேகம் ஒரு வரம், கோல்கீப்பருக்கு உயரம் ஒரு வரம். நடுக்களத்தில் நிற்பவர் பந்து வருவதற்கு முன்னாலேயே தலையைத் திருப்பி நாலு பக்கமும் பார்த்திருக்க வேண்டும். யார் எங்கே வருவார் என்று கணித்திருக்க வேண்டும். ஆயிரம் ஆட்டம் ஆடினால்தான் அந்தக் கண் வரும். வருஷம் ஏழு ஆட்டத்தில் வராது.

*

இப்போது கொஞ்சம் மேகம் கூடியிருக்கிறது. 2023–24, 2024–25 சீசன்களில் லீக், ஒரே ஊரில் கூடிக் கலையும் திருவிழாவாக இல்லாமல், சொந்த ஊர் – வெளியூர் ஆட்டங்களாக நடந்தது. முதல் வருஷம் ஏழு அணிகள், ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டம். அடுத்த வருஷம் எட்டு அணிகள், பதினான்கு ஆட்டம். ஓர் அணியில் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரர்களுக்கு வருஷத்துக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தம் தர வேண்டும் என்று 2023இல் சங்கம் விதி கொண்டுவந்தது. மாசத்துக்கு இருபத்தாறாயிரத்துச் சொச்சம். பெரிய தொகை இல்லை. ஆனால் எழுதிக் கையெழுத்துப் போட்ட தொகை. ஆடுகிறவர் கையிலும் ஒரு நகல் இருக்கும்.

பலன் தெரிகிறதா என்றால், தெரிகிறது. 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாயில், உள்ளூர் கூட்டத்தின் முன்னால் தாய்லாந்தை 2–1 என்று ஜெயித்து இந்தியா ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து நுழைவது இந்தியப் பெண்களுக்கு இதுவே முதல் முறை. பயிற்சியாளர் செத்ரி. இரண்டு கோலையும் போட்டவர் சங்கீதா பாஸ்போர், நடுக்கள ஆட்டக்காரர். எல்லைக் காவல் படைச் சம்பளத்தில் வளர்ந்து, உள்ளூர் லீக்கில் ஆடியவர்.

ஆகவே வெளிநாடு போகாதவர் குறைந்தவரும் இல்லை, போனவர் எல்லாம் உயர்ந்தவரும் இல்லை. லிமாவில் ஆடும் மணீஷாவையோ வெலிங்டன் போன சபித்ராவையோ நாம் கொண்டாடலாம். அவர்கள் சீட்டைத் தாங்களே மடியில் கட்டிக்கொண்டு போனவர்கள். ஆனால் இங்கே மழை பெய்திருந்தால் போயிருப்பார்களா என்ற கேள்வி அவர்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இல்லை, நம்மைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. ஒரு நாடு தன் ஆட்டக்காரரை உலகத்துக்கு அனுப்புவது வேறு. ஆட்டம் இல்லாமல் துரத்துவது வேறு. பிரேசிலிலிருந்து ஐரோப்பா போகிற பெண் ஒருத்தி, ஊரில் ஒரு முழு லீக்கை விட்டுவிட்டுப் போகிறாள். நம் பெண் பத்தரை மணி நேரத்தை விட்டுவிட்டுப் போனாள்.

அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். போலீஸ்ல எடுப்பாங்கண்ணே, நெசந்தான். அது போக, எந்தக் கிளப்பு வந்து பிள்ளையைக் கூப்பிட்டாலும் ரெண்டு விஷயம் கேளுங்க. வருஷத்துக்கு எத்தனை ஆட்டம்னு கேளுங்க. ஒப்பந்தக் காகிதத்துல ஒரு நகல் பிள்ளை கையில தருவீங்களான்னு கேளுங்க. ரெண்டுக்கும் நேரா பதில் சொல்றவங்க காரியாபட்டில இருந்தாலும் சரி, சைப்ரஸ்ல இருந்தாலும் சரி, தைரியமா அனுப்புங்க.